கோட்டுகளுக்கு அறை கொடுத்த எங்கள் அப்பா

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று பூசைக்கு வந்திருந்து, சாப்பிட்டுக் கை கழுவி, விடைபெறும்போது இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். உங்களில் பலருக்கு அப்பாவைக் கோட் போட்ட மனிதராகத்தான் தெரியும். நம் ஜொகூர் மாநிலத்துத் தம்போயிலும் ஸ்கூடாயிலும் கோத்தா திங்கியிலும் உங்கள் வீட்டுத் திருமண விருந்துகளில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "மணமக்கள் இதோ வாசலுக்கு வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டுங்க" என்று உங்களை நாற்காலியிலிருந்து எழுப்பியவர் அவர். அந்தக் கோட்டுகள் வீட்டில் எங்களை என்ன பாடு படுத்தின என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. "அப்பாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுக்கா" என்றாள் தங்கை. கோட்டுகளை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வழி தெரியவில்லை.

அப்பா கோத்தா திங்கிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தார். ஆண்டுக் கடைசியில் மழை பிடித்தால் ஆறு பெருகும். வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் எதுவும் காயாது. இருந்த ஒரே பள்ளிச் சட்டையை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போய், வகுப்பில் உட்கார்ந்து உடம்புச் சூட்டிலேயே காயவைத்த கதையை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் சட்டையின் புழுங்கல் வாடையைச் சொல்லும்போது முகத்தைச் சுளிப்பார். எங்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். அவருக்கு அது கடைசி வரைக்கும் சிரிப்பாக இருந்ததில்லை.

தந்தையார் சீக்கிரமே காலமானதால் அப்பா படிப்பை நிறுத்திவிட்டுத் தம்போய்க்கு வந்தார். மரச்சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பலகை தூக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு அங்கேயே பண்டகசாலைப் பொறுப்பாளராக ஆனார். பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணான அம்மாவைத் திருமணம் செய்துகொண்டார். நானும் தங்கையும் பிறந்தோம். இதுவரை எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

கோட் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு நண்பரின் திருமணத்தால். விருந்துக்கு வரவேண்டிய அறிவிப்பாளர் வரவில்லை. மண்டபம் நிறைந்துவிட்டது, மாப்பிள்ளை காரில் காத்திருக்கிறார். தொழிற்சாலை விழாக்களில் பேசிப் பழகியவர் என்பதற்காக அப்பாவைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். யாரோ கழற்றிக் கொடுத்த கோட்டின் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. பேச்சு நன்றாகவே அமைந்தது. ஆனால் முன்வரிசையில் இருந்த பையன்கள் அந்தக் கையைக் காட்டிக் காட்டிச் சிரித்ததை அப்பா பார்த்துக்கொண்டேதான் பேசினார். அடுத்த வாரமே ஜொகூர் பாரு பட்டணத்தில் இருந்த தையற்கடைக்குப் போனார்.

அந்தக் கடை பாயை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து இளவயதில் இங்கே வந்தவர். அளவெடுத்துக்கொண்டே, "தம்பி, இது கம்பளித் துணி. மெல்லிசுதான், ஆனாலும் நம்ம ஊரு வெயிலுக்கு உள்துணியப் பாதியோட நிறுத்திக்கிறேன். காத்து போவும்" என்றாராம். அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. கடைசி வரைக்கும் வேறு தையற்காரரிடம் போனதில்லை.

முதல் கோட் கருநீலம். வீட்டுக்கு வந்த அன்று அதை வைத்த கண் வாங்காமல் பார்த்த மாதிரி, நான் பிறந்தபோது என்னைப் பார்த்தாரா என்று அம்மா கேட்டதுண்டு. புதுப்பொருளின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் வைத்தால் அது புதிதாகவே இருக்கும் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். சோபாவுக்கு உறை, தொலைக்காட்சியின் ரிமோட்டுக்கு உறை, மெத்தைக்கும் உறை. அப்பாவும் முதல் விருந்துக்குப் போட்டுவிட்டு வந்த கோட்டைக் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பையோடு அலமாரியில் மாட்டி, பையின் அடியில் முடிச்சும் போட்டு, நான்கு பாச்சை உருண்டையையும் உள்ளே போட்டுவைத்தார். அடுத்த அழைப்பு வந்து எடுத்தபோது கழுத்துப்பட்டையிலும் கக்கத்திலும் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது.

பாயிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். "வேர்வையோட கோட்ட மூச்சு முட்ட அடைச்சு வச்சா வேற என்ன ஆவும்? கழட்டிப் போடுங்க அந்த பிளாஸ்டிக்க" என்று பாய் சத்தம் போட்டார். அன்று வாங்கிக்கட்டிக்கொண்டதை அப்பா மறக்கவே இல்லை. எங்கள் வீட்டில் புதிய ஆட்சி தொடங்கியது.

கோட் போட்டுவிட்டு வந்தால் நேரே அலமாரிக்குப் போகாது. முதலில் பைகளைக் காலி செய்ய வேண்டும். பிறகு தோள் அகலமான மரத்தொங்கியில் மாட்டி, கூடத்து மின்விசிறிக்கு நேரே நிறுத்த வேண்டும். மறுநாள் வரை அது அங்கேயே நிற்கும். விருந்தாளி வந்தால் அவர்தான் விசிறிக் காற்று இல்லாமல் ஓரமாக உட்கார வேண்டும். மறுநாள் மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டுவார். வெயிலில் காட்டவே மாட்டார், நிறம் போய்விடும். நிழலும் காற்றும் உள்ள இடமாகப் பார்ப்பார். இஸ்திரிப் பெட்டியைக் கம்பளியின் மேல் நேராக வைக்கக்கூடாது, நடுவே ஈரத்துணி வேண்டும். கறை பட்டால் ஒழிய டோபி கடைக்கு அனுப்ப மாட்டார். அடிக்கடி அனுப்பினால் துணியின் உயிர் போய்விடும் என்பார். இந்த வாரம் போட்ட கோட் அடுத்த வாரம் ஓய்வெடுக்கும். எங்களுக்குப் பள்ளி விடுமுறையில்கூட அப்படி ஓய்வு கொடுத்ததில்லை.

ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதாலேயே ஒன்று இரண்டாகி, நாளடைவில் நான்கு கோட்டுகள் ஆயின. மழை அடிக்கும் வெளிச்சுவரோரம் அலமாரி இருந்தால் ஈரம் இறங்கும் என்று அதைப் பெயர்த்து நடு அறைக்குக் கொண்டுவந்தார். அந்த அறையில் இருந்த நானும் தங்கையும் பெயர்ந்து வெளிச்சுவரோர அறைக்குப் போனோம். சுவர் எங்கள் பக்கம் வேர்த்து வடிந்தது. "ஏன்ப்பா, எங்களுக்குப் பூசணம் புடிக்காதா?" என்று தங்கை ஒருநாள் கேட்டாள். "நீங்க நடமாடுற ஜீவன்லா, உங்களுக்குப் புடிக்காது" என்றார்.

அலமாரியின் அடியில் சின்னக் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரியும். அந்த லேசான சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. இந்தப் பல்பால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடந்த சண்டையை எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்டிருக்கும். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் தோட்டத்தில் மின்கம்பி தீப்பிடித்து ஒரு வீட்டையே விழுங்கிவிட்டது. அதிலிருந்து, வாசலைத் தாண்டினால் மெயின் சுவிட்ச் என்னும் தாய் விசையையே அமர்த்திவிட்டுப் போவார். அப்பா வந்து பார்த்தால் அலமாரி இருட்டாக இருக்கும்.

"சாமி மேடை வெளக்கையே ராத்திரி மலை ஏத்திட்டுத்தான் படுக்குறோம். உங்க கோட்டு வெளக்கு மட்டும் அணையக் கூடாதா?" என்பார் அம்மா.

"சாமிக்குப் பூசணம் புடிக்காது. கோட்டுக்குப் புடிக்கும்" என்பார் அப்பா.

பிறகு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயந்திரம் ஒன்றையும் வாங்கினார். அம்மா அதற்குத் தண்ணி மிஷின் என்று பெயர் வைத்தார். அதில் சேரும் தண்ணீரைக் காலையில் எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார். அந்தச் செடி இன்றும் நன்றாக இருக்கிறது.

அம்மா ஒரே ஒரு முறை கோட்டுக்கு உதவி செய்யப் போனார். விடாத மழை, மறுநாள் ஸ்கூடாயில் ஒரு திருமண விருந்து. கோட்டில் ஈரவாடை வந்துவிட்டதே என்று அப்பா வேலையில் இருந்த நேரம் பார்த்து, குளித்த பிள்ளைக்குத் தலை உலர்த்துவது போல் தணலில் சாம்பிராணி போட்டுக் கோட்டுக்கு நன்றாகப் புகை காட்டிவிட்டார். வாடை போயிற்று. புகை போகவில்லை. விருந்தில் அப்பா போகும் இடமெல்லாம் கோயில் மணத்தது. பெண்ணின் மாமா ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பூசைய முடிச்சிட்டு நேரா வந்துட்டீங்களா ஐயிரே?" என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். அன்று முதல் அப்பாவைத் தவிர யாரும் கோட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவு. அம்மாவுக்கு உள்ளூர அது வருத்தம்தான். "அவரு துணியெல்லாம் நான்தான் தொவைக்கிறேன், அந்த நாலு மட்டும் நான் தொட்டா தீட்டு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவும் ஆடம்பரத்துக்காக என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. அப்பாவுக்கு வேறு எந்தப் பகட்டும் கிடையாது. மற்ற நாட்களில் தொழிற்சாலைச் சீருடை, வீட்டில் கைலி. நான் ஒருமுறை எரிச்சலில், "இந்த வேக்காட்டுல எதுக்குப்பா கோட்டு? வேட்டி கட்டிக்கிட்டுப் பேசினா யாரு வேணாங்கப் போறா?" என்று கேட்டேன். அவர் தூரிகையை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "நம்ம ஜனங்க வருஷம் பூரா யூனிஃபார்ம் போட்டு வேர்த்துக்கிட்டு நிக்கிறவங்கமா. அவங்க வீட்டு நல்ல நாளுக்குப் பேச வர்றவன் கசங்கிப் போய், நாத்தத்தோட நிக்கக்கூடாது. அவங்களுக்காக ஒருத்தன் மெனக்கெட்டிருக்கான்னு தெரியணும்." விருந்துக்கு முன்பே வீட்டுக்குப் போய் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். எந்தச் சித்தப்பாவின் பெயரும் அவர் வாயில் விடுபட்டதில்லை. நான் அப்போது கேட்ட கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

நான் திருமணமாகி ஸ்கூடாய்க்கு வந்தேன். அப்பா ஓய்வு பெற்றார். பிறகு சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் சில நாட்கள் டயாலிசிஸ் மையத்துக்குப் போய்வரும் வாழ்க்கை அவருக்கு அமைந்தது. இடது கையில் இரத்தக் குழாயை இணைத்து, அந்தக் கையை யாரும் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். உடம்பு மளமளவென்று இளைத்தது. அதிகம் பேசினால் மூச்சு வாங்கியது. வந்த அழைப்புகளை எல்லாம் மறுத்துவிட்டார். கோட்டுகளைத் தூசி தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த நேரத்தில்தான் தங்கைக்குத் திருமணம் நிச்சயமானது. விருந்துக்கு யாரை அறிவிப்பாளராகப் போடலாம் என்று என் கணவர் பேச்செடுத்தார். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் நான் பேசுவேன், என் பிள்ளைக்கு வேற ஆளு வந்து பேசுவானா?"

"உடம்பு எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும்ப்பா" என்றேன்.

"தெரியும். அதான் சொல்றேன். என் கோட்டப் போட்டுக்கிட்டு, பழைய ஆளாத்தான் நிப்பேன். அன்னிக்கு மண்டபத்துல ஒரு வாயிலகூட 'பாவம்'ங்கிற வார்த்தை வரக்கூடாது."

அவர் கேட்டது அவ்வளவுதான். அது நடக்குமா என்று எங்களில் யாருக்கும் நம்பிக்கை இல்லை.

திருமணத்துக்கு முன்பாக, மழை தொடங்கிய சமயத்தில், நோய்த்தொற்று ஏற்பட்டு அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தோம். சில வாரங்கள் அங்கேயே இருக்கும்படி ஆயிற்று. அம்மா என் வீட்டில் தங்கி மருத்துவமனைக்குப் போய்வந்தார். தம்போய் வீட்டைப் பூட்டும்போது, எந்தக் காலமும் செய்வதைப் போலக் குளிர்பெட்டியைக் காலி செய்து, தாய் விசையை அமர்த்திவிட்டுத்தான் வந்திருக்கிறார். பல்பு அணைந்தது. தண்ணி மிஷினும் நின்றது. சன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவருக்கும் கோட் நினைவு வரவில்லை.

அப்பா வீடு திரும்பிய அன்று, மருந்துப் பையைக்கூடக் கீழே வைக்காமல் அலமாரியைத் திறந்தார். நான்கு கோட்டுகளும் நரைத்திருந்தன. தோள், கழுத்து, பைகளின் மூடி என்று எங்கும் வெள்ளையாகப் பூசணம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "நான்தாங்க... மெயினு சுச்ச..." என்றார், முடிக்க முடியவில்லை. அப்பா கத்துவார் என்று நான் காத்திருந்தேன். அவர் அலமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினார். "எனக்காக ஓடின ஓட்டத்துல அணைச்சது. வுடு" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

மறுநாள் காலையில் அவர் எழுந்து கோட்டை எடுக்கப் போனபோது அம்மா குறுக்கே நின்றார். பூசணத் தூசி நெஞ்சுக்குள் போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நீங்க தொடக்கூடாது. சொல்லுங்க, நான் செய்றேன்."

"ஒனக்குத் தெரியாது."

"அதான் சொல்லுங்கன்றேன்."

கார் நிறுத்தும் இடத்தில் துணிக்கொடி கட்டினோம். அப்பா முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்று வரும் பக்கமாகத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்குள் தட்டினால் பூசணம் வீடெல்லாம் பரவும், அதனால் எல்லாவற்றையும் வெளியில்தான் செய்ய வேண்டும் என்றார். அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தூரிகையைப் பிடித்தார். "அழுத்தாத, அழுத்தாத, அது சட்டி இல்ல." "கீழருந்து மேல போவாத." "பை மூடியத் தூக்கிப் பாரு, அங்கதான் ஒளிஞ்சிருக்கும்." வினிகரில் பாதி தண்ணீர் கலந்து, அதில் ஒரு துண்டுத்துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுக்கச் சொன்னார். மழை விட்ட நேரத்தில் எல்லாம் நிழலில் காற்றாட விட்டார்கள். தூறல் விழுந்தால் அம்மா கோட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார். நின்றால் திரும்பவும் வெளியே. நாள் தவறாமல் இது நடந்தது. திட்டுவதும் திட்டு வாங்குவதுமாக இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு கோட்டுகளில் உள்துணி இற்றுப்போய்விட்டது. ஒன்றில் கறை போகவில்லை. முதல் கோட்டான கருநீலம் தேறி வந்தது.

ஆனால் போட்டுப் பார்த்தபோது அது அப்பாவின் மேல் தொங்கியது. தோள் இறங்கி, மார்பில் இரண்டு பக்கமும் பைபோல் விழுந்தது. அப்பா கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தார். "பாய்கிட்ட போலாம்" என்றார்.

பாய்க்கும் வயதாகிவிட்டது, கடையை மகன்தான் பார்க்கிறார். அப்பாவைப் பார்த்ததும் பாயே எழுந்து வந்து, முதுகுப்பக்கத் துணியைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிடிக்கப் பிடிக்கத் துணி வந்துகொண்டே இருந்தது.

"தம்பி, கொஞ்சம்னா புடிச்சுத் தருவேன். இவ்வளவு புடிச்சா பை ரெண்டும் முதுகுப் பக்கம் ஓடிரும். கோட்டு கெட்டுப்போவும்."

"கல்யாணத்துக்குப் போடணும் பாய்."

"போடுங்க. உடம்புதானே, எளைக்கும், திரும்பவும் தேறும். நீங்க தேறி வந்தா இதே கோட்டு அளவா நிக்கும். அப்ப பிரிச்சு விட எங்கிட்ட வரப் போறீங்களா? நான் இதுல கை வைக்க மாட்டேன்."

அப்பா காரில் ஏறியதும் சிரித்தார். "பாய் நான் தேறிடுவேன்னு நம்புறாருமா" என்றார். பாய் நம்பினாரா, அப்பாவின் மனத்துக்காகச் சொன்னாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

திருமணப் பகல் விருந்துக்கு அப்பா உள்ளே தடித்த பனியனும் அதன் மேல் கையில்லாத கம்பளிச் சட்டையும் போட்டு, மேலே கோட்டைப் போட்டார். கொஞ்சம் நிரம்பியது. இரத்தம் குறைந்ததிலிருந்து அவருக்கு எப்போதும் குளிர். இத்தனை ஆண்டுகள் இந்தக் கோட்டுக்குள் வேர்த்து வடிந்த மனிதர் அன்று அம்மாவிடம், "இப்பத்தான் இது இதமா இருக்கு" என்றார்.

அன்று வந்திருந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். குரல் முன்போல் மண்டபத்தின் கடைசி வரை போகவில்லை. ஆனாலும் ஒரு உறவுமுறையும் தவறவில்லை, ஒரு பெயரும் விடுபடவில்லை. மாப்பிள்ளையின் பெற்றோரை அழைத்தார். அம்மாவை அழைத்தார். பிறகு, "மணப்பெண்ணோட தகப்பனார் ஏற்கனவே மேடையிலதான் நிக்கிறாரு, அவர விட்டுருவோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில், முன் மேசையில் இருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "கோட்டுதான் நிக்குது, ஆளக் காணோம். பாவம்" என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அப்பாவின் காதில் அது விழுந்ததை நான் பார்த்தேன். ஒலிவாங்கியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு மணமக்களைக் கேக் வெட்ட அழைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்தார். "கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னார். வழக்கமாக அவரே கழற்றி, அவரே பைகளைக் காலி செய்து, அவரே மாட்டுவார். அன்று இரண்டு கைகளையும் அம்மாவின் பக்கம் நீட்டினார். அம்மா இடது கை அழுந்தாதபடி அந்தப் பக்கத்தை முதலில் உருவி, கோட்டைக் கழற்றி, தொங்கியில் மாட்டி, விசிறிக்கு நேரே நிறுத்தினார். அப்பா ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

அதன்பின் சில மாதங்களே இருந்தார். கோட்டைத் தூசி தட்டும் வேலை அம்மாவுடையதாயிற்று. உடம்பு தேறவில்லை. ஒரு காலை, பசியாறிவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். டயாலிசிஸ் மையத்தில் அவருக்குப் போர்வை போர்த்திவிட்ட தாதியருக்கு நன்றி. நான் வேலையில் இருந்த நாட்களில் அவரை ஏற்றிச் சென்று திரும்ப அழைத்து வந்த பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதிக்கு நன்றி. மழையென்று பாராமல் கோத்தா திங்கியிலிருந்து வந்து தோள் கொடுத்த சித்தப்பாக்களுக்கும், தேவாரம் பாடிய ஆலயத்துப் பெண்களுக்கும், பந்தல் போட்டு நாற்காலி அடுக்கிய தாமான் இளைஞர்களுக்கும், எல்லாக் காரியத்திலும் மகன்களாக நின்ற என் கணவருக்கும் தங்கை கணவருக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு அப்பாவின் திறமை இல்லை.

ஒருவருக்கு மட்டும் விவரம் சொல்லித்தான் நன்றி சொல்ல முடியும். அன்று அப்பாவைக் குளிப்பாட்டிய பிறகு, பட்டு வேட்டி உடுத்துவதுதான் முறை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா மறுக்கவில்லை. வேட்டியை உடுத்தச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கருநீலக் கோட்டை எடுத்துவந்தார். "இதயும் போடணும்" என்றார். ஈமக்காரியத்துக்கு வந்திருந்த ஆட்கள் முயன்று பார்த்தார்கள். கைகள் மடங்கவில்லை. அவர்களில் ஒருவர் தயங்கி, "பின்னால நெடுக்க வெட்டிட்டா ஈசியாப் போட்டுறலாம்மா. நாங்க எப்பவும் அப்படித்தான் செய்வோம், முன்னாடி தெரியாது" என்றார். கத்தரிக்கோலையும் எடுத்துவிட்டார். அம்மா கோட்டை மார்போடு பிடித்துக்கொண்டார்.

வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்த பாயிடம் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "கத்தரி வேணாம். என் தையலுதான், நானே பிரிச்சுத் தர்றேன்" என்றார். தரையில் உட்கார்ந்து கோட்டை மடியில் கவிழ்த்துப் போட்டு, கழுத்துப்பட்டையை ஒரு பக்கம் பிரித்துவிட்டு, கழுத்திலிருந்து அடி வரை நடுமுதுகுத் தையலைப் பிளேடு முனையால் ஒவ்வொரு இழையாக அறுத்தார். துணியில் ஒரு கீறல் விழவில்லை. கோட் இரண்டு பாதியாக வந்தது. வலப்பாதியை வலப்பக்கமும் இடப்பாதியை இடப்பக்கமும் சுலபமாக ஏற்ற முடிந்தது. அவர்கள் அப்பாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ள, பாய் மிச்சத் துணியை எல்லாம் முதுகுக்குக் கீழே இழுத்து மடித்து, ஊசியால் நான்கு தையல் போட்டு நிறுத்தினார். முன்பு கைவைக்க மாட்டேன் என்று சொன்ன அதே இடம்.

அப்பாவை நேராகப் படுக்கவைத்தார்கள். தொளதொளப்பு எல்லாம் முதுகுக்கு அடியில் போய்விட்டதால் தோள் தோளில் நின்றது, மார்பு சுருக்கமில்லாமல் படிந்தது. நோய் வந்த பிறகு அந்தக் கோட் அவருக்கு அளவாக இருந்தது அன்றுதான். விருந்தில் கண் கலங்கிய அதே உறவுக்காரப் பெண்மணி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கைகூப்பி நின்றார்.

பாய் பழக்கதோஷத்தில் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, "அளவு பாத்துக்கங்கம்மா" என்றார். கடையில் எல்லாரிடமும் சொல்வதுதான். சொன்ன பிறகு அவருக்கே அழுகை வந்துவிட்டது. அம்மா குனிந்து பொத்தானைப் போட்டார். கழுத்துப்பட்டையை விரலால் ஒரு முறை நீவிவிட்டார்.

"சரியா இருக்கு பாய்" என்றார்.